குரோம் கழுவின தண்ணீருக்கு இரும்புத் தகடுதான் சரி

பாலக்காட்டில் கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். குரோம் கழுவின மஞ்சள் தண்ணீரை ஓடையில் விட்டால் அது கோரையாறு வழியாகப் பாரதப்புழைக்குத்தான் போகும், அங்கே வயலும் கிணறும் இருக்கின்றன.

முதலில் சயனைடு தொட்டித் தண்ணீரைத் தனியாக வைத்துவிடுங்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும்.

அப்புறம் தகடு: தண்ணீருக்குள் தகடுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் கரண்ட் ஓட்டித்தான் குரோமியத்தைப் பிரிக்கப் போகிறோம். அலுமினியம் வேண்டாம், சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புத் தகடு போதும். ரெக்டிஃபையரின் (ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்கும் பெட்டி) பிளஸ் பக்கத் தகட்டிலிருந்து கரைந்து வரும் ஃபெரஸ் இரும்புதான் ஆறு இணைதிறன் குரோமியத்தை (தண்ணீரை மஞ்சளாக்கும் நச்சு வடிவம்) மூன்றுக்கு இறக்கி ஹைட்ராக்சைடாகப் படிய வைக்கிறது. அலுமினியத்தால் அந்த வேலை ஆகாது. பிளாஸ்டிக் தொட்டியில் தகடுகளை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் தொங்கவிடுங்கள். கரண்ட் சரியாக ஏறவில்லை என்றால் லிட்டருக்கு அரை கிராம் உப்பு போடலாம்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? இங்கேதான் பலரும் கண்ணை நம்பி ஏமாறுகிறார்கள். மஞ்சள் போய்க் கலங்கிய பச்சை வந்ததும் நிறுத்திவிடக் கூடாது, கணக்குப் போடுங்கள்: ஒரு கிராம் குரோமியத்துக்கு 3.2 கிராம் இரும்பு வேண்டும், ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.04 கிராம் இரும்பு கரையும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குரோமியம் இருக்கிற 1000 லிட்டர் தண்ணீருக்கு 155 ஆம்பியர்-மணி ஆகும், 50 ஆம்பியரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நான் மூன்றரையாகவே வைப்பேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளஸ், மைனஸை மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் தகட்டில் ஏடு படிந்து கரைவது நின்றுவிடும். ஹைட்ரஜன் வரும், தொட்டியை மூடாதீர்கள், பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது.

முடிந்ததும் சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 8.5-க்குக் கொண்டுவந்து (நிக்கல் இருந்தால் 9.5) ஒரு ராத்திரி தெளிய விடுங்கள். மேல் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அமிலம் சேர்த்து டைஃபீனைல்கார்பசைடு (நிறம் மாறிக் காட்டும் சோதனை மருந்து) விட்டுப் பாருங்கள்: ஊதா வந்தால் ஆறு இணைதிறன் இன்னும் இருக்கிறது, திரும்ப ஓட்ட வேண்டும். சட்ட வரம்பு அதற்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்துக்கு 2. கடைசி எண்ணை லேபில் கொடுத்தே வாங்குங்கள்.

அடியில் படியும் சேறு அபாயக் கழிவு, தோட்டத்து மண்ணில் புதைக்கவே கூடாது. வடித்து, கெட்டிப் பையில் கட்டி, மழை படாத சிமெண்ட் தரையில் வைத்து, 90 நாளுக்குள் கொச்சி அம்பலமேட்டில் இருக்கும் பொது அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.