டிரை ஐஸ், ஆல்கஹால், கறுப்புத் தகடு: மியூவான் தடங்களை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது. அதை அளக்க யாரும் பலூன் விடவில்லை, விமானமும் அனுப்பவில்லை. அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் வானத்திலிருந்து ஓயாமல் விழும் மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான நுண்துகள்கள்) எண்ணிக்கொண்டிருந்தது. 18 நிமிடங்களுக்கு அந்த எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவை வைத்துப் போட்ட கணக்கு 2019-இல் வெளியானது. இடிமேகத்தின் அழுத்தம் நூறு கோடி வோல்ட் வரை போகலாம் என்று 1920களிலேயே சொன்னவர் சி.டி.ஆர். வில்சன். துகள்கள் போன தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் முகிற்கூடத்தை உருவாக்கி 1927-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவர்தான்.

வில்சனின் கருவியில் பிஸ்டனை இழுத்தால் ஒரு கணம் மட்டும் தடம் தெரியும். இங்கே செய்யப்போவது 1930களில் அலெக்சாண்டர் லாங்ஸ்டார்ஃப் வடிவமைத்த வகை. பிஸ்டன் கிடையாது, குளிர் இருக்கும்வரை இடைவிடாமல் தடம் தெரியும். பெட்டியின் மேல்பக்கம் ஆல்கஹாலில் நனைந்த துணி, அடியில் உறைகுளிரான தகடு. ஆல்கஹால் ஆவி மேலிருந்து இறங்கி, தகட்டுக்கு மேலே ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரத்தில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, துளியாகக் காரணம் தேடி நிற்கும். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று பாய்ந்தால் வழியெங்கும் அயனிகள் உண்டாகும். அவற்றின் மேல் ஆவி படிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும்.

பொருட்கள்

பெட்டி: அடிப்பாகம் 30 × 20 செ.மீ., உயரம் 12 முதல் 15 செ.மீ. உள்ள சிறிய கண்ணாடி மீன்தொட்டி போதும். இதைவிட உயரமானால் மேலுள்ள சூட்டுக்கும் கீழுள்ள குளிருக்கும் இடையே ஆவி சரியாக இறங்காது. அக்ரிலிக் பெட்டி வேண்டாம். ஆல்கஹால் பட்டுப் பட்டு நாளடைவில் மயிரிழை விரிசல் விழும்.

தகடு: 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு, பெட்டியின் வாயைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரியதாக. இதைவிட மெல்லிய தகடு வளைந்துகொள்ளும். வளைந்த இடம் குளிராது. பளபளப்பில்லாத கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஒரு மூலையில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். சாயம் வந்தால் அந்தப் பெயின்ட் உதவாது. அப்போது கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளலாம்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்: கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்பார்கள். செல்போன் பழுதுபார்க்கும் பொருட்கள் விற்கும் கடையிலும் கெமிக்கல் கடையிலும் கிடைக்கும். 99 சதவீதம் என்று லேபிளில் இருக்க வேண்டும். அரை லிட்டர் வாங்கினால் பல தடவைக்கு வரும். சானிடைசரோ 70 சதவீத ஐ.பி.ஏ.வோ வேலைக்காகாது, அதிலுள்ள தண்ணீர் தகட்டில் வெண்பனியாக உறைந்து கறுப்பை மறைத்துவிடும். மெத்தனாலைத் தொடவே வேண்டாம், அது விஷம்.

டிரை ஐஸ்: 3 கிலோ. கல்யாண மேடையில் புகை விடுபவர்கள், ஐஸ்கிரீம் மொத்த வியாபாரிகள், கடலுணவு ஏற்றுமதி செய்பவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். செய்யப்போகிற அன்றே வாங்குங்கள். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரிதான், டிரை ஐஸ் மைனஸ் 78.5. ஃபிரீசரில் வைத்தாலும் கரைந்து காற்றாகிவிடும்.

இவற்றோடு தகட்டைவிடப் பெரிய தெர்மகோல் பெட்டி (மீன் வரும் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம்), 3 மி.மீ. கனமான ஃபெல்ட் துணி, சில ஜோடி சிறு காந்தங்கள், குழந்தைகள் விளையாடும் கிளே, குறுகலாக ஒளி பாய்ச்சும் நல்ல எல்.இ.டி. டார்ச், கனமான தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி.

பாதுகாப்பு

ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வாயுவாக விரியும். மூடி இறுகிய பாத்திரத்திலோ பாட்டிலிலோ போட்டால் வெடிக்கும். காரில் கொண்டுவரும்போது கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சன்னல் திறந்த அறையில், மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். தவழும் குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஐ.பி.ஏ. ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, கற்பூரம், சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பொருத்துவது

ஃபெல்ட்டை 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, தொட்டியின் அடிப்பக்கத்தை ஒட்டி உள்சுவர் நான்கிலும் சுற்றிவர வையுங்கள். தொட்டியைக் கவிழ்க்கும்போது இதுதான் உச்சி. உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம் என்று பிடித்துக்கொள்ளச் செய்வதே நல்லது. பசை போட்டால் ஆல்கஹால் அதைக் கரைத்து, பாதியில் துணி தகட்டின்மேல் விழும். உச்சிக் கண்ணாடியை மறைக்காதீர்கள். அதன் வழியாகத்தான் பார்க்கப்போகிறோம்.

கையுறை போட்டுக்கொண்டு, டிரை ஐஸை 2.5 செ.மீ. உயரத்துக்குத் தெர்மகோல் பெட்டியில் சமமாகப் பரப்புங்கள். கட்டியாக இருந்தால் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தகட்டை வைத்து லேசாக அழுத்துங்கள். தகடு கிறீச்சென்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம். உலோகம் பட்ட இடத்தில் வாயு பீறிடும் ஒலி அது. தகடு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆல்கஹால் அங்கே குட்டையாகத் தேங்கும்.

ஃபெல்ட்டில் 30 முதல் 40 மி.லி. ஐ.பி.ஏ. ஊற்றுங்கள். நன்றாக ஊற வேண்டும், சொட்டக் கூடாது. தகட்டின்மேலும் ஒரு மேசைக்கரண்டி ஊற்றிப் பரப்பினால் அது கண்ணாடிபோல் மின்னும் கறுப்புப் பரப்பாகிவிடும், பனி பிடிக்காது. தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பு தகட்டைத் தொடும் இடமெல்லாம் கிளேயால் அடைத்துவிடுங்கள்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வையுங்கள். ஒளி, தகட்டிலிருந்து ஒரு செ.மீ. உயரத்துக்குள் கிடையாகப் பாய வேண்டும். முதலில் ‘மழை’ தெரியும்: நுண்துளிகள் மெதுவாக விழுந்துகொண்டே இருக்கும். 10 முதல் 15 நிமிடம் எதையும் தொடாமல் காத்திருங்கள். முதல் கோடு வரும்.

கோடுகளைப் படிப்பது

மெல்லியதாக, அம்புபோல் நேராக, பல செ.மீ. நீளம் ஓடுவது பெரும்பாலும் மியூவான். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றணுக்களில் மோதிச் சிதறுவதன் விளைவாகப் பிறப்பது அது. எலக்ட்ரானைப்போல் 207 மடங்கு நிறை. சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனாலும் உங்கள் பெட்டிவரை வந்து சேர்கிறது. அதிவேகத்தில் பாயும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது என்ற ஐன்ஸ்டீனின் கணக்கைப் போட்டால்தான் இதற்கு விடை வரும். சார்பியலைப் புத்தகத்தில் படிப்பதைவிட இப்படிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

குட்டையாக, தடிப்பாக, 1 முதல் 5 செ.மீ.க்குள் சட்டென்று முடிவது ஆல்ஃபா துகள், அதாவது ஹீலியம் அணுக்கரு. காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து வருவது. மெல்லியதாக, வளைந்து நெளிந்து கிறுக்கலாகப் போவது வேகம் குறைந்த எலக்ட்ரான். இலேசானது என்பதால் ஒவ்வோர் அணு மோதலிலும் திசை மாறுகிறது. நேராக வந்த கோடு திடீரென்று முழங்கைபோல் மடங்குவதை எப்போதாவது பார்க்கலாம். அது மியூவான் சிதைந்து எலக்ட்ரானாக மாறிய இடமாக இருக்கலாம், வெறும் மோதலாகவும் இருக்கலாம். ஒரு கோட்டை வைத்து முடிவுகட்ட முடியாது.

செங்குத்தாக விழும் மியூவான்களே அதிகம். அவை ஒரு செ.மீ. உயர அடுக்கைக் கடக்கும்போது சிறு கீற்றாகவோ புள்ளியாகவோதான் தெரியும். நீளக் கோடுகள் குறைவாக இருக்கிறதே என்று கூடத்தைக் குறைசொல்ல வேண்டாம்.

ஆல்ஃபா தடங்களை நிறையப் பார்க்க வெல்டிங் கடையில் கிடைக்கும் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி உதவும். அதில் 2 சதவீதம் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஒரு துண்டு கிளேயில் குத்தி, தகட்டிலிருந்து அரை செ.மீ. உயரத்தில் படுக்கவையுங்கள். கம்பியிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள் தெறிக்கும். கம்பியை உரசவோ சாணைபிடிக்கவோ உடைக்கவோ கூடாது, தூள் மூச்சில் போகும். எடுத்தபின் கை கழுவுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் தோரியம் கலந்த மோனசைட் உண்டுதான். ஆனால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலுள்ள பொருள், அள்ளி வரும் யோசனையே வேண்டாம். கம்பியும் கிடைக்காவிட்டால் ஒரு பலூனை ஊதித் தலைமுடியில் தேய்த்து, பூட்டிய தரைத்தள அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். ரேடான் சிதைந்து உண்டாகும் கதிரியக்க அணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கி உடனே உள்ளே வைக்க வேண்டும். அரைமணிக்கு அரைமணி அதன் வீரியம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

தெரியவில்லை என்றால்

மழையே இல்லையா? தகடு குளிரவில்லை. டிரை ஐஸ் கரைந்து தகட்டுக்கும் அதற்கும் இடையே வெளி விழுந்திருக்கும், அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் நீர்த்தது.

மழை இருக்கிறது, கோடு இல்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை தவறு டார்ச்சில்தான். கீழே இறக்குங்கள். நீங்கள் நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். நுண்துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். எனவே டார்ச்சுக்குப் பின்னால் நிற்காமல், அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று சாய்வாகப் பாருங்கள்.

மூடுபனி சுழன்று சுழன்று ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. கிளேயை மறுபடி அழுத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தகடு வெளுத்தால் உள்ளே ஈரக்காற்று அடைபட்டிருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும். தொட்டியைத் தூக்கி, தகட்டில் இன்னும் கொஞ்சம் ஐ.பி.ஏ. ஊற்றித் துடைத்துவிட்டு மூடுங்கள். குளிர்சாதன அறையில் செய்தால் உச்சியில் ஆவியாவது மந்தமாகும். மேலே ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீர் வைத்தால் சரியாகும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கூடத்தில் எங்கும் புகைபோல் மங்கினால் பழைய அயனிகள் சேர்ந்துவிட்டன என்று பொருள். உலர்ந்த கம்பளித் துணியால் உச்சிக் கண்ணாடியைத் தேய்த்தால் நிலைமின்சாரம் அவற்றை இழுத்துவிடும்.

எண்ணிப் பார்த்தால்

கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுத்து, 3 செ.மீ.க்கு மேற்பட்ட நேர்க்கோடுகளை மட்டும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாக நடக்கும் எதை எண்ணினாலும் அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 40 என்றால் கூடக்குறைய 6, அதாவது 15 சதவீதம். ஊட்டியில் கண்டது 2 சதவீதக் குறைவு. தற்செயல் ஏற்ற இறக்கத்தைவிட ஐந்து மடங்கு பெரிய விளைவைத்தான் துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்பார்கள். 2 சதவீதத்தை அப்படி நிலைநாட்ட 62,500 கோடுகள் எண்ண வேண்டும்; உங்கள் கூடத்தில் 26 மணி நேரம் ஆகும். மேகமோ 18 நிமிடத்தில் போய்விட்டது. கிரேப்ஸ்-3 அளவியின் பரப்பு 560 சதுர மீட்டர், நிமிடத்துக்கு 25 லட்சம் மியூவான்களை எண்ணுகிறது. ஒரே நிமிட எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் 0.06 சதவீதம்தான்.

மேகம் ஏன் எண்ணிக்கையைக் குறைக்கிறது? மேகத்தின் மின்புலம் ஒருவகை மின்னூட்டமுள்ள மியூவானின் வேகத்தைக் குறைக்கும், மற்றதைக் கூட்டும். நேர்மின் மியூவான்கள் எதிர்மின் மியூவான்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால் இரண்டும் ஈடாகாது. அளவியின் குறைந்தபட்ச ஆற்றல் வரம்புக்குக் கீழே தள்ளப்பட்டவை கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

இதே எண்ணும் வேலைதான் எகிப்திலும் நடந்தது. கூஃபு பிரமிடுக்குள் கருவிகளை வைத்து, எந்தத் திசையில் எதிர்பார்த்ததைவிட அதிக மியூவான்கள் வருகின்றன என்று மாதக்கணக்கில் எண்ணினார்கள். கல் குறைவான திசையில்தான் அதிகம் வரும். பெரிய மாடப்பாதைக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பது 2017-இல் வெளியானது. வடக்கு முகப்புக்குப் பின்னால் 9 மீட்டர் நீள வழி ஒன்றை 2023-இல் உறுதிசெய்து, குழாய்க் கேமராவை விட்டுப் படமும் எடுத்தார்கள்.

2025 பிப்ரவரியில் வெளியான கே.எம்.3நெட் என்ற கடலடி ஆய்வகத்தின் முடிவில் எண்ணிக்கைக்கே வேலையில்லை. சிசிலிக்கு அப்பால் மத்தியதரைக் கடலின் அடியிலுள்ள அளவியை 2023 பிப்ரவரி 13 அன்று ஒரே ஒரு மியூவான் கிட்டத்தட்டக் கிடையாகக் கடந்தது. வளிமண்டலத்தில் பிறந்த சாதாரண மியூவான் அவ்வளவு பாறையையும் நீரையும் துளைத்து வர முடியாது என்பதால், அது ஒரு நியூட்ரினோவின் (மின்னூட்டமில்லாத, எதையும் எளிதில் ஊடுருவும் துகள்) விளைவு என்று முடிவுசெய்தார்கள். அதுவரை பதிவானவற்றிலேயே ஆற்றல் மிகுந்த நியூட்ரினோ அதுதான்.

முடித்தபின்

தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். தொட்டியைத் திறந்த வெளியில் தூக்கி, ஃபெல்ட்டை நிழலில் காயவிடுங்கள். மிஞ்சிய டிரை ஐஸைப் பாத்திரம் கழுவும் தொட்டியிலோ கழிவறையிலோ கொட்டினால் பீங்கான் வெடிக்கும், குழாய் விரிசல் விடும். தெர்மகோல் பெட்டியிலேயே, மூடியைத் திறந்தபடி, குழந்தைகள் போகாத மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள். மறுநாளைக்குள் பெரும்பாலும் தானே போய்விடும்.