புல்லட்ல ஆயில் ஒழுகுதா? முதல்ல வாஷரைப் பாருங்க

"பழைய புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்"னு மெக்கானிக்கே சொல்வாரு, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். 1955ல இங்கிலாந்து ரெட்டிச் ஊர் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சு, அப்புறம் திருவொற்றியூர் ஃபேக்டரில போட்ட அந்த காஸ்ட் அயர்ன் எஞ்சின்ல பாதி ஒழுகல் பத்து ரூபா வாஷர் சமாச்சாரம்தான். அதுக்குப் போய் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

முதல்ல எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. ஆயில் மேல கசிஞ்சு கீழ சொட்டும், சொட்டுற இடத்தைப் பார்த்து ஆயிலை இறக்கற டிரெயின் பிளக்கைத் திட்டி பிரயோஜனம் இல்ல. மண்ணெண்ணெய்ல எஞ்சினை நல்லா துடைச்சு, காஞ்சதும் முகப்பவுடரை லேசா தூவிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, பவுடர் எங்க முதல்ல நனையுதோ அதுதான் இடம். பெரும்பாலும் எஞ்சின் தலையில வால்வை அசைக்கற ராக்கருக்கு ஆயில் கொண்டுபோற பைப்போட பேன்ஜோ போல்ட் (உள்ள துளை இருக்கும், ஆயில் அது வழியாவே போகும்), இல்லன்னா அடியில இருக்கற டிரெயின் பிளக்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்பானரைப் பாருங்க. பழைய வண்டில இன்ச் சைஸ் போல்ட்டுங்க நிறைய இருக்கும், மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு மல்லுக்கட்டினா போல்ட் தலை உருண்டு போயிடும், அப்புறம் அது தனி வேலை. டிரெயின் பிளக்னா எஞ்சின் சூடா இருக்கும்போதே ஆயிலை இறக்கிடுங்க. பிளக் வெளிய வந்ததும் விரலை விட்டு துளையோட விளிம்பைத் தடவிப் பாருங்க, பழைய வாஷர் அங்கயே ஒட்டிட்டு இருக்கும், அது தெரியாம மேல புதுசைப் போட்டா ரெண்டும் சேர்ந்து ஒழுகும்.

பேன்ஜோ போல்ட்டுக்கு ரெண்டு வாஷர். போல்ட் தலைக்கும் பைப்புக்கும் நடுவுல ஒண்ணு, பைப்புக்கும் ராக்கர் பாக்ஸுக்கும் நடுவுல ஒண்ணு. ஃபைபர் வாஷரா இருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்க, ஒருதடவை நசுங்கினது திரும்ப எழும்பாது. சென்னைல புதுப்பேட்டையிலயோ ஜி.பி. ரோட்டுலயோ பழசை சாம்பிள் காட்டி வாங்கலாம், வாஷர் உட்கார்ற முகத்தை விட வெளிவட்டம் பெருசா இருக்கக்கூடாது.

செம்பு வாஷர்னா விஷயமே வேற. செம்பு அழுத்த அழுத்த இறுகிடும், அதான் நாலு தடவை டைட் பண்ணினதுக்கப்புறம் சீல் ஆகாம ஒழுகுது. அதை சூடு பண்ணா திரும்ப மெத்துனு ஆயிடும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம துடைச்சு, இரும்புக் கம்பில கோத்து கேஸ் அடுப்புல காட்டுங்க, லைட்டை அணைச்சுட்டா நிறம் நல்லா தெரியும், முதல்ல வானவில் மாதிரி கலர் ஓடும், அப்புறம் கருஞ்சிவப்பா கனியும், அந்த நேரத்துல தண்ணில போட்டுடுங்க. மேல கருப்பா செதில் ஒட்டியிருக்கும், புளி போட்டு தேய்ச்சா பளிச்சுனு வந்துடும். அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டு மேல ஃபைன் எமரி பேப்பரை விரிச்சு வாஷரை அதுல வட்டமா தேய்ங்க, ரெண்டு பக்கமும் ஒரே சீரா மின்னணும். அலுமினிய வாஷரை இப்படி அடுப்புல காட்டாதீங்க, அது சிவக்காமலே உருகிடும்.

மாட்டும்போது பேஸ்ட் தடவுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. பேன்ஜோ போல்ட்ல தயவுசெஞ்சு வேண்டாம். பிதுங்கின பேஸ்ட் உள்ள போய் அந்த சின்ன ஆயில் துளையை அடைச்சா ராக்கருக்கு ஆயில் போகாது, ஒழுகலை விட அது பெரிய கேடு. முகம் ரெண்டும் சுத்தமா இருந்தா வாஷரே போதும்.

கையால முழுசா திருகி, அது நின்னதுக்கப்புறம்தான் ஸ்பானர், அதுவும் குட்டையான ஸ்பானரா எடுங்க. பைப்பை இன்னொரு கையால பிடிச்சுக்குங்க, இல்லன்னா போல்ட்டோட சேர்ந்து அதுவும் முறுக்கிக்கும். பேன்ஜோ போல்ட் உள்ள பொள்ளல், பலம் காட்டினா பட்டுனு உடைஞ்சுடும். எஞ்சினுக்கு காஸ்ட் அயர்ன்னு பேர் இருந்தாலும் டிரெயின் பிளக் போற இடம் அலுமினியம், மரை உரிஞ்சா லேத்துக்குத்தான் போகணும்.

ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல ஓடும்போது ராக்கர் பக்கத்து பேன்ஜோ போல்ட்டை கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. ஆயில் கசிஞ்சு வந்தா மேல வரைக்கும் போகுதுனு அர்த்தம், உடனே இறுக்கிடுங்க. வரலைன்னா வண்டியை நிறுத்திட்டு பைப்பைக் கழட்டி ஊதிப் பாருங்க. ரெண்டு மூணு நாள் ஓட்டினதும், எஞ்சின் நல்லா ஆறினப்புறம் எல்லாத்தையும் ஒருதடவை தொட்டு டைட் பாருங்க, புது வாஷர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், லேசா நகர்ந்தாலே போதும்.