டியூடர் காலச் சில்லறை வெள்ளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டியூடர் வம்சத்து இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் பென்னி, அவர் மகள் முதலாம் எலிசபெத்தின் முக்கால் பென்னி என்று தேடி அலையும் புதியவர்கள் இப்போது லண்டன் நாணயச் சந்தைகளில் நிறையக் கண்ணில் படுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆரம்ப காலத்தில் நான் பணத்தைத் தொலைத்த அதே இடங்களில்தான் அவர்களும் தொலைக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

நாணயத்தைத் துலக்காதீர்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. புளியும் விபூதியும் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் உரியவை என்பது எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்பக் கூடாது என்பதும் தெரியும்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் முக்கால் பென்னி வாங்குவது

எலிசபெத் காலத்தில் வெள்ளியில் ஃபார்திங், அதாவது கால் பென்னி, அடித்திருந்தால் அது 0.13 கிராம்தான் இருந்திருக்கும், கையில் நிற்காது. அதனால் 1561இல் முக்கால் பென்னியையும் ஒன்றரைப் பென்னியையும் வெளியிட்டார்கள். கடைக்காரருக்கு ஒரு பென்னி கொடுத்து முக்கால் பென்னியை மீதி வாங்கினால், கால் பென்னி கொடுத்த கணக்கு. அழகான ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், பென்னியும் முக்கால் பென்னியும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டிலும் அரசியின் முகம், இரண்டிலும் ‘முள்ளில்லாத ரோஜா’ என்ற லத்தீன் வாசகம். வேறுபடுத்திக் காட்டவே முக்கால் பென்னியில் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவும், பின்பக்கக் கேடயத்துக்கு மேல் ஆண்டும் வைத்தார்கள். பென்னியில் இரண்டும் கிடையாது. புதியவர்கள் ரோஜாவை மட்டும் தேடுகிறார்கள். தேய்ந்த நாணயத்தில் ரோஜா முதலில் போய்விடும். அதைவிட மோசம், தேய்ந்த பென்னியின் தலைக்குப் பின்னால் யாரோ ஊசியால் கிள்ளிவிட்ட கீறலை ரோஜா என்று நம்பி வாங்குவது. முக்கால் பென்னி அரிது, விலையும் அதிகம். கிள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது.

எடை காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். முழு எடையில் பென்னி 0.52 கிராம், முக்கால் பென்னி 0.39. நன்றாகத் தேய்ந்தோ ஓரம் வெட்டப்பட்டோ போன பென்னி அந்த 0.39க்கு இறங்கிவிடும். திருப்பிப் பாருங்கள். ஆண்டின் ஒரு இலக்கமாவது தெரியாவிட்டால், அதைப் பென்னி என்று கருதி விலை பேசுங்கள்.

ஜேம்ஸை எலிசபெத் என்று வாங்குவது

1582இல் முக்கால் பென்னியைக் கைவிட்டு அரைப் பென்னி அடித்தார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒரு பக்கம் கோட்டை வாசலில் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கதவு, மறுபக்கம் சிலுவை. பெயரும் இல்லை, முகமும் இல்லை, ஆண்டும் இல்லை. 1603இல் எலிசபெத் இறந்த பிறகு, ஸ்டூவர்ட் வம்சத்து முதலாம் ஜேம்ஸும் தொடக்கத்தில் இதே வடிவத்தை அடித்தார். கதவுக்கு மேலே இருக்கும் நாணயச்சாலைக் குறியை, அதாவது எந்தக் காலத்தில் அடித்தது என்று காட்டும் சிறு சின்னத்தை, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும். திசில் பூ இருந்தால் அது ஜேம்ஸ். டியூடர் விலை கொடுக்காதீர்கள்.

பிவிசி உறை

வேண்டாம். பச்சை பிடிக்கும்.

பழைய சீட்டைத் தூக்கி எறிவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும்.

பழைய சேகரிப்பாளர்கள் நாணயங்களை மரப் பேழையின் தட்டுகளில் வட்டக் குழிகளில் வைப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் நாணயத்துக்கு அடியில் ஒரு வட்ட அட்டைச் சீட்டு. அதில் மையால் பொடி எழுத்தில் நாணயச்சாலைக் குறி, யாரிடம் வாங்கியது, எந்த ஆண்டு, என்ன விலை என்று எழுதியிருக்கும். அனுபவமுள்ள வியாபாரிகள் கையெழுத்தைப் பார்த்தே யாருடைய பேழை என்று சொல்லிவிடுவார்கள். புதிதாக வாங்குபவர் செய்கிற முதல் வேலை, நாணயத்தைப் பளிச்சென்ற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, ‘அழுக்குக் காகிதம்’ என்று சீட்டைக் குப்பையில் போடுவது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் டர்ஹம் நாணயச்சாலையின் பென்னி ஒன்றை வாங்கினார். ஹென்றி அரியணையில் அமர்ந்திருப்பார். பின்பக்கத்தில், அப்போது டர்ஹம் ஆயராக இருந்த கார்டினல் தாமஸ் உல்சியின் முதலெழுத்துகளும், கேடயத்துக்குக் கீழே கார்டினல் தொப்பியும். (யார்க்கில் அடித்த குரோட் என்ற நான்கு பென்னி நாணயத்திலும் இந்தத் தொப்பியைப் போட்டார் உல்சி. 1529இல் அவர் வீழ்ந்தபோது சாட்டப்பட்ட குற்றங்களில் அதுவும் ஒன்று.) சந்தையில் அந்தப் பென்னியை நானே கையில் வாங்கிப் பார்த்தேன், இரண்டு சீட்டுகள் இருந்தன, ஒன்று வெகு பழையது. பிறகு அவர் அதை விற்க முயன்றபோது, ஏல நிறுவனத்தில் கேட்ட முதல் கேள்வி: ‘இது எங்கிருந்து வந்தது?’ சீட்டுகளை எப்போதோ எறிந்துவிட்டிருந்தார். எதிர்பார்த்த விலையில் பாதிகூடத் தேறவில்லை. நாணயம் அதே நாணயம்தான்.

பெரிய நாணயமாக இருந்தால் ஓரளவு மீட்டுவிடலாம். சுத்தியால் அடித்த நாணயங்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஓரத்தின் கோணல், வெடிப்பு, அச்சு விலகிய விதம் எல்லாவற்றையும் பழைய ஏலப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம். லாக்கெட் என்ற சேகரிப்பாளரின் சேகரிப்பு 1955 முதல் 1961 வரை லண்டனில் பல கட்டங்களாக ஏலம் போனது. அதன் படப் பக்கங்களை இன்றும் புரட்டித் தேடுகிறார்கள். ஆனால் பென்னிகளுக்கும் அரைப் பென்னிகளுக்கும் படம் போட யாருக்கு மனம் வந்தது? பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து ஒரே தொகுதியாக, ஒரே வரியில் விற்றுவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன்: சில்லறைக்குச் சாட்சி அந்தச் சீட்டு மட்டுமே.

விலை மட்டுமல்ல, சட்டமும் இதில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நாணயங்கள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருளை அந்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக உரிமமும் கேட்பார்கள். உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்களில் அலைபவர்களுக்குச் சிக்குவதில் கணிசமான பங்கு இதுபோன்ற சில்லறைதான். உங்கள் பென்னி போன மாதம் வயலில் கிடைத்ததா, நூறு வருடமாகப் பேழையில் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. 1930இல் எழுதிய சீட்டு சொல்லும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து வாங்குபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

தனியாகக் கிடைத்த நாணயமானால், கண்டெடுத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் கண்டெடுப்புப் பதிவேட்டில் பதிந்தாரா என்று கேளுங்கள். பதிந்திருந்தால் ஒரு எண் இருக்கும். அதுவும் சீட்டுக்குச் சமம். தரச்சான்று டப்பாவில் அடைத்து விற்கும் வியாபாரிகளிடம், ‘பழைய சீட்டு எங்கே?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சில சமயம் மேசை இழுப்பறையில் கட்டாகக் கிடக்கும், எது எதற்குரியது என்று தெரியாமல்.

மங்கிய வெள்ளியைப் போலி என்று ஒதுக்குவது

1544 தொடங்கி ஹென்றி வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போனார். 1546இல் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. நேர்முகமாகப் பார்க்கும் அவர் முகத்தில் மூக்கு முதலில் தேய்ந்து செம்பு தெரிந்ததால், ‘செம்பு மூக்கர்’ என்று பெயர் வாங்கினார். அந்த ஆண்டுகளின் பென்னி சிவந்தோ கறுத்தோ, குழிகளோடுதான் இருக்கும். பளபளவென்று வெள்ளையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அவர் 1547இல் இறந்த பிறகும், மகன் எட்வர்டின் ஆட்சியில், சில ஆண்டுகள் தந்தையின் பெயரிலேயே நாணயம் வந்தது. பெயரைப் பார்த்து ஆட்சியை முடிவு செய்யாதீர்கள்.

அடைத்த துளை

நகைக்காகப் போட்ட துளையைப் பிறகு அடைத்து மறைத்திருக்கலாம். நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, வாசக எழுத்துகள் எங்கே திடீரென்று மொழுமொழுவென்று ஆகின்றன என்று பாருங்கள். நகையில் கோத்திருந்த நாணயங்களில் துளை பெரும்பாலும் அரசியின் தலைக்கு மேலேதான் இருக்கும்.