ஸ்பானிஷ் படிக்கிறீங்களா, இங்கிலீஷ்ல இருந்து மாத்தாதீங்க, நேரா தமிழ்ல இருந்து மாத்துங்க

'ஐ லைக் காஃபி'ன்னு மனசுல நினைச்சுட்டு ஸ்பானிஷ் வாக்கியம் தேடாதீங்க, 'எனக்கு காபி பிடிக்கும்'னு நினைங்க, அப்படியே 'மே குஸ்தா எல் கஃபே'ன்னு வந்துடும். மே-ன்னா எனக்கு, தே-ன்னா உனக்கு, அவ்ளோதான். தலைவலியும் இதே கதைதான், நம்ம வெயில்ல அலைஞ்சுட்டு வந்து 'எனக்கு தலை வலிக்குது'ன்னு சொல்றோம்ல, அது 'மே துவேலே லா கபேஸா'. பிடிக்கிற பொருள் நிறைய இருந்தா மட்டும் குஸ்தா குஸ்தான் ஆகும், 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'.

ஏன் ஒர்க் ஆகுதுன்னா ரெண்டு மொழிலயும் ஆள் 'நான்'னு எழுவாயா வராம 'எனக்கு'ன்னுதான் வருது, ஸ்பானிஷ்ல பிடிக்கிற பொருள்தான் எழுவாய். இன்னொண்ணு, பேசுறேன் பேசுறோம் மாதிரியே ஆப்லோ ஆப்லாமோஸ்னு வினை முடிவுலயே ஆள் தெரிஞ்சிடும், நான் நாங்கன்னு தனியா சொல்லவே வேணாம், இது நமக்கு ரொம்ப பெரிய ப்ளஸ்.

எல்லா 'எனக்கு'க்கும் போட்டுடாதீங்க. எனக்கு பசிக்குது 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை வச்சிருக்கேன். எனக்கு வேணும் 'கியேரோ', எனக்கு தெரியும் 'சே', இதுல எல்லாம் மே வராது. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால்ங்கிற விஷயத்துக்கும் தமிழ் கைகொடுக்காது, லா மேஸா, எல் லிப்ரோன்னு சேர்த்தே மனப்பாடம் பண்ணிடுங்க.