மருந்துக்குக் கட்டாய உரிமம் கேட்பது எப்படி?

மருந்து விலை எட்டாத உயரத்தில் இருந்தால் வாழும் உரிமை ஏட்டளவில்தான். காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைத் தயாரித்து விற்க அரசு பிறருக்குத் தரும் அனுமதிதான் கட்டாய உரிமம். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் பிரிவு 31 இதற்கு வழிவிட்டிருக்கிறது. இந்தியாவில் அது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 84.

காப்புரிமை வழங்கி 3 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். முதலில் காப்புரிமையாளரிடம் நியாயமான நிபந்தனைகளோடு எழுத்தில் உரிமம் கேளுங்கள். பொதுவாக 6 மாதம் வரை முயன்றாலே போதும். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் கட்டாயம் பதில் எழுதுங்கள். 2013-இல் டசாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பம் விழுந்தது இங்கேதான்: கேள்விகளுக்குப் பதில் தராமல் நேரே விண்ணப்பித்துவிட்டார்கள்.

பிறகு காப்புரிமை அலுவலகத்தில் படிவம் 17-இல் விண்ணப்பியுங்கள். பொதுமக்களின் தேவை நிறைவேறவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை, காப்புரிமை இந்தியாவில் பயன்படுத்தப்படவில்லை: மூன்றில் ஒன்றை நிரூபித்தாலும் போதும். காப்புரிமையாளர் தாக்கல் செய்யும் படிவம் 27-ஐப் பாருங்கள். காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்தினார்களா இல்லையா என்பது அவர்கள் கைப்பட அதில் இருக்கும். நோயாளிகள் எத்தனை பேர், மருந்து எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற கணக்கு இல்லாத மனு நிற்காது. 2016-இல் சாக்ஸாகிளிப்டின் என்ற நீரிழிவு மருந்துக்கான மனு அப்படித்தான் தோற்றது.

நீங்கள் விற்கப்போகும் விலையையும் சொல்லுங்கள். 2012-இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு உரிமம் கிடைத்தபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த 120 மாத்திரை 8,800 ரூபாய்க்கு வந்தது. காப்புரிமையாளருக்குத் தர வேண்டிய ராயல்டி விற்பனையில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7 ஆனது.