சிலிண்டர் பவர் இருக்கிறவர்கள் ரெட் டாட் வாங்கும் முன்

ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கி ஆறு மாதம் ஆன நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஒன்று, புல் வெட்ட யாரைக் கூப்பிடுவது. அடுத்தது குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "அண்ணா, வீட்டுக்கு ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். மேலே என்ன சைட் போடறது?" புல்லுக்கு என்னிடம் ஆள் இல்லை, நானேதான் வெட்டுகிறேன். சைட், அதாவது துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறி பார்க்கும் சாதனம், அந்த விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல முடியும். நாலு மாதமும் ஏறக்குறைய முந்நூறு டாலரும் வீணாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஊரில் துப்பாக்கி என்றால் நமக்குத் தெரிந்தது வேறு உலகம். எங்கள் பெரியப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான் அதன் வேலை. கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ், அதைப் புதுப்பிக்க நடை, தேர்தல் அறிவித்தால் சாக்கில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவது என்று அந்தத் துப்பாக்கி வயலில் இருந்ததைவிட அலைந்ததே அதிகம். குறி பார்க்கக் குழல் நுனியில் பித்தளை மணி ஒன்று இருக்கும். சைட் எது நல்லது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது விசா. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும். நண்பர் கூப்பிட்டார் என்று போய்ப் படம் எடுத்துப் போடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை நடக்கும், பல நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெக்சாஸில் ரைஃபிள் வாங்கத் தனி அனுமதியும் இல்லை, பதிவும் இல்லை. இதை நம்பி நியூஜெர்சிக்காரர்கள் கிளம்பிவிட வேண்டாம். அங்கே வாங்குபவருக்கான அடையாள அட்டை வேண்டும். இல்லினாயில் ஃபாய்டு கார்டு என்ற துப்பாக்கி வைத்திருப்பவருக்கான அடையாள அட்டை. கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. நான் இங்கே பேசுகிற ஏஆர் வகை ரைஃபிளையே, அதாவது ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரைஃபிளையே, பல மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

சைட்டுக்குள் போகும் முன் இன்னும் இரண்டு விஷயம். இந்த ஊர் வீடு மரச்சட்டமும் ஜிப்சம் அட்டையும்தான். நம்ம ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாதிரி எதையும் நிறுத்தாது. ரைஃபிள் குண்டு பிள்ளைகளின் அறையையும் தாண்டிப் பக்கத்து வீடு வரை போகும். அடுத்தது பூட்டு. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, குண்டு போட்ட துப்பாக்கியை எடுக்க முடிகிற மாதிரி அஜாக்கிரதையாக வைத்தால் டெக்சாஸில் குற்றம். "நம்ம பையன் தொட மாட்டான்" என்று சொன்ன வீட்டில்தான் பையன் அலமாரியின் மேல்தட்டிலிருந்து முறுக்கு டப்பாவை இறக்கியிருக்கிறான். சைட் பார்க்கும் முன்பே பெட்டகத்தை வாங்குங்கள்.

சரி, சைட். ஏஆரில் முன்னால் ஒரு கம்பி, பின்னால் சிறு துளை உள்ள இரும்பு சைட் போடலாம். பேட்டரி வேண்டாம், உடைய ஒன்றுமில்லை, ஆனால் இருட்டில் கம்பி தெரியாது. ரெட் டாட் என்பது கண்ணாடியில் ஒரு எல்இடி ஒளிப்புள்ளியைப் பிரதிபலித்துக் காட்டும் சாதனம். பெரிதாக்காது, இரண்டு கண்ணையும் திறந்தே பார்க்கலாம், தலையை நேராக வைக்காவிட்டாலும் புள்ளி தெரிகிற இடத்தில்தான் ஏறக்குறைய குண்டு போகும். அதனால்தான் வீட்டுக்கு இதையே எல்லோரும் சொல்கிறார்கள், தப்பும் இல்லை. ஹோலோகிராபிக் என்பது லேசரில் வேலை செய்வது; ஈஓடெக் இதில் பிரபலம். ஒரு வட்டமும் நடுவில் பொடிப் புள்ளியும் காட்டும். பேட்டரியை ரெட் டாட்டைவிட மிக வேகமாகத் தின்னும். நல்ல ரெட் டாட் ஒரே பேட்டரியில் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்க, இது ஆயிரம் மணி நேர அளவில்தான் நிற்கும். ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பை நண்பர்கள் யாராவது பெருமையாகக் காட்டுவார்கள். கனம், விலை இரண்டும் கூட. வரவேற்பறையில் நிற்கிறவனை ஆறு மடங்கு பெரிதாகப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்?

ஆன்லைனில் முப்பது டாலருக்கு வரும் ரெட் டாட் பெரும்பாலும் விளையாட்டுத் துப்பாக்கிக்கானது. நாலு மேகஸின் சுட்டால் புள்ளி நகர்ந்துவிடும். பெயருள்ள பொருளின் போலியும் அதே பக்கத்தில் விற்கும். பெட்டி, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், விலை மட்டும் கால்வாசி. அந்த விலையைப் பார்த்ததும் நமக்குள் இருக்கும் ரங்கநாதன் தெரு ஆள் முழித்துக்கொள்வான். அவனைத் தூங்கவிடுங்கள்.

நான் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்று வாரம் படித்து, நல்ல பெயருள்ள ரெட் டாட் ஒன்றை நானூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன். இரண்டு எம்ஓஏ புள்ளி என்று போட்டிருந்தது. அதாவது நூறு கஜத்தில் இரண்டு அங்குலத்தை மறைக்கும் புள்ளி, சின்னதுதான். பொருத்தி, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி எங்கே? சூடான எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி சிதறிக் கிடந்தது. ஒரு பக்கம் வால், மேலே இன்னொரு குட்டிப் புள்ளி. திருப்பி அனுப்பினேன், தபால் செலவு என் தலையில். மாற்றி வந்ததும் அதே சிதறல். கடைக்காரரிடம் கத்தினேன். இங்கே கத்தினால் அவர்கள் பதிலுக்குக் கத்த மாட்டார்கள்; இனிமையாகப் பேசி, பெட்டி திறந்த பொருள் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அப்புறம் வேறு கம்பெனி, இன்னும் விலை கூட. அதிலும் கடுகு.

மூன்றாவதை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போயிருந்தபோது, அங்கே மேற்பார்வைக்கு இருக்கும் பெரியவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். துப்பாக்கி காலி என்று தானே சரிபார்த்தார். பிறகு என் கைபேசியை வாங்கி, சைட்டின் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தார். படத்தில் புள்ளி, அம்மா நெற்றியில் வைக்கிற சாந்துப் பொட்டு மாதிரி உருண்டையாக, கச்சிதமாக இருந்தது. "மிஷின் நன்றாக இருக்கிறது. கண் டாக்டரைப் போய்ப் பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

உங்கள் கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் சிலிண்டர் என்று ஒரு கட்டமும், அதன் கோணமும் இருக்கும். அங்கே எண் இருந்தால் உங்கள் கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம். கூர்மையான ஒளிப்புள்ளியை அந்தக் கண் இழுத்து நட்சத்திரமாக்கிவிடும். இரவில் எதிரே வரும் காரின் விளக்கிலிருந்து கோடு கோடாகத் தெரிந்தால் இதுதான். சந்தேகம் இருந்தால் புள்ளியைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் மெல்லச் சாயுங்கள்: சிதறலும் கூடவே சுழன்றால் கோளாறு கண்ணில். சைட்டைத் திருப்பும்போது சுழன்றால் கோளாறு சைட்டில். கடையிலேயே இதைச் செய்யலாம், காசு கிடையாது. மூன்று வாரம் நான் படித்த எதிலும் இதைத் தேடவில்லை, ஏனென்றால் என் கண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை.

'கண்ணாடி போட்டுத்தானே பார்த்தாய்' என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன், அது நாலு வருஷப் பழசு. இங்கே கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் ஆகிற செலவைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது ஒரேயடியாக மூன்று கண்ணாடி செய்துகொண்டு வருகிற சாதிதானே நாம்? திருநெல்வேலியில் செய்த மூன்றும் பெட்டியில் வரிசையாக இருந்தன, மூன்றும் பழைய பவர். போதாததற்கு, ரைஃபிளில் கன்னத்தைச் சாய்க்கும்போது கண் கண்ணாடியின் நடுவில் பார்ப்பதில்லை, மேல் மூலையில் பார்க்கிறது. அங்கே திருத்தம் சரியாக விழாது. புதுக் கண்ணாடி செய்த பிறகு சிதறல் பாதி குறைந்தது. புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்ததும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பலரும் புள்ளியைத் தேவைக்கு மேல் பிரகாசமாக வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். இரும்பு சைட்டின் துளை வழியாகப் பார்த்தாலும் புள்ளி கூர்மையாகும். சிலருக்குச் சிவப்பைவிடப் பச்சை ஒத்துப்போகிறது, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் பகலுக்குச் சரி. நம்மவர் வீட்டில் நகை இருக்கும் என்று கணக்குப் போட்டு வருகிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், என் கண்ணாடி கட்டில் பக்கத்து மேஜையில், தண்ணீர்ச் செம்புக்குப் பின்னால் கிடக்கும். ஒரு ராத்திரி காலித் துப்பாக்கியோடு சோதித்தேன். தோட்டா வேறு அறையில், தோட்டா உட்காரும் துளையை இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்து, வெளிச்சுவரைப் பார்த்தபடி. கண்ணாடி இல்லாமல் அது கடுகுகூட இல்லை, சிவப்பாக ஒரு பஞ்சுமிட்டாய். என் மனைவி விழித்துக்கொண்டு, "முதல்ல கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடிங்க, திருடன் அதுவரைக்கும் உட்கார்ந்திருப்பான்" என்றாள்.

கடைசியில் எனக்கு ஒத்துவந்தது பிரிஸம் சைட். ஒன்று மடங்கு, அதாவது பெரிதாக்காதது. குறி சைட்டின் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி செத்தாலும் கறுப்பாகத் தெரியும். ஒளிப்புள்ளி இல்லாததால் சிலிண்டர் கண்ணுக்கு அவ்வளவாகச் சிதறாது. பின்பக்க வளையத்தைத் திருப்பிக் கிட்டப்பார்வைக்கு ஓரளவு சரிசெய்துகொள்ளலாம், கண்ணாடி இல்லாமலும் குறி தெளிவாகிறது. பிரைமரி ஆர்ம்ஸ் முதல் பல கம்பெனிகள் செய்கின்றன. நல்ல ரெட் டாட்டைவிடப் பெரும்பாலும் விலை கூட இல்லை. குறையும் உண்டு. கண்ணைச் சைட்டிலிருந்து சில அங்குலத்துக்குள் சரியாக வைக்காவிட்டால் ஓரம் இருட்டாகிவிடும், ரெட் டாட்டின் தாராளம் இதில் கிடையாது. இருட்டில் கறுப்புக் குறி கறுப்புச் சுவரில் காணாமல் போகும், குறிக்கு வெளிச்சம் போட வேண்டும். ரைஃபிளில் ஒரு டார்ச்சும் வேண்டும். எதிரே நிற்பது திருடனா, தூக்கக் கலக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்த மாமனாரா என்று எந்த சைட்டும் சொல்லாது. அறை விளக்கைப் போட முடிந்தால் அதையே போடுங்கள். துப்பாக்கியை நீட்டி வீட்டைத் தேடுவது மடத்தனம்.

எதை மாட்டினாலும் ரேஞ்சுக்குப் போய் ஸீரோ செய்யாமல், அதாவது ஒரு தூரத்தில் குண்டு குறியிலேயே விழும்படி சைட்டைச் சரிசெய்யாமல், அலமாரியில் வைத்தால் அது அலங்காரப் பொருள்தான். நான் ஐம்பது கஜத்தில் வைத்திருக்கிறேன். ஏஆரில் சைட் குழலுக்கு மேலே இரண்டரை அங்குலத்துக்கும் சற்றுக் கூட உயரத்தில் உட்காரும். அதனால் வீட்டுக்குள், ஏழு கஜத் தூரத்தில், குண்டு குறிக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் கீழே விழும். இதை ரேஞ்சில் தாளில் சுட்டுக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சைட்டைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்டின் திருகை அதன் குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது.

ரேஞ்சுக்குத் தூக்கிப்போகிற பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ரேஞ்சுக்கு மட்டும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதில் துணியை அடைத்துக்கொண்டு போய், மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டா விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட், வக்கீல் என்று விடுமுறை முழுக்கப் போய்விடும். பெரியப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று ஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதும் வேண்டாம். துப்பாக்கி ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.

அந்த மூன்றாவது ரெட் டாட்டை நூற்றைம்பது டாலர் நஷ்டத்துக்கு ஆபீஸில் கூட வேலை செய்கிற தம்பி ஒருவனுக்குக் கொடுத்தேன். மதுரைக்காரன், கண்ணாடியே போட்டதில்லை. ரேஞ்சில் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, பொட்டு வச்ச மாதிரி இருக்குண்ணே, இதைப் போய் ஏன் கொடுத்தீங்க?" என்கிறான். ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். கடுகுதான்.