இன்டேக் மாற்றிய காரும் ஐப்பசி மழையும்: எஞ்சினைக் காவு வாங்கும் தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவைப் பக்கம் காரின் இன்டேக்கை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் ஃபில்டரையும் பைப்பையும், மாற்றியவர்கள் ஒரே கேள்வியோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள்: “ஏனுங்ணா, மழைல எடுத்துட்டுப் போலாமுங்களா?” தாராளமாகப் போகலாம். கொட்டுகிற மழையில் பொள்ளாச்சிக்கோ ஈரோட்டுக்கோ போய்வந்தாலும் ஃபில்டரில் தெறிக்கும் துளிகளால் எஞ்சின் கெடுவது அரிது. உள்ளே போகும் சிறு ஈரம் சூட்டில் ஆவியாகிப் புகையோடு வெளியேறிவிடும். பயப்பட வேண்டியது தேங்கிய தண்ணீருக்கு. ஃபில்டர் முங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீரைத்தான் எஞ்சின் இழுக்கும்.

அந்த ஃபில்டர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். முதல் தவறு இதுதான். கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸின் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) வாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலே, பானெட்டை ஒட்டி இருக்கும். தப்பி உள்ளே வரும் தண்ணீர் வடிய பாக்ஸின் அடியில் ஓட்டையும் வைத்திருப்பார்கள். ஷார்ட் ராம் எனும் குட்டைப் பைப் வகையில், கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் எஞ்சின் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்பதால் தண்ணீர் ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை. சூடான காற்றை இழுக்கும், அது வேறு கதை. கோல்டு ஏர் இன்டேக்தான் வில்லங்கம். குளிர்ந்த காற்றைத் தேடிப் பைப் கீழே இறங்கி, பம்பருக்குள் ஃபாக் லேம்ப் பின்னாலோ முன் சக்கரத்துக்கு முன்னாலோ போய் உட்காரும்.

நம்ம ஊரில் கூடுதலாக ஒரு சங்கதி. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கைப் பார்த்து வளர்ந்த பையன்களும் எதையும் செய்து தருகிற லேத் பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. அலுமினியப் பைப்பை வளைத்து, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஃபில்டரை மாட்டித் தந்துவிடுகிறார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ரேஸ் டிராக்கில் முழங்கால் தண்ணீர் நிற்பதில்லை. இன்ச் டேப்பை எடுத்து, தரையிலிருந்து ஃபில்டரின் அடிவிளிம்பு வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்க வேண்டாம் என்பது என் கணக்கு. வண்டி நகரும்போது பம்பருக்கு முன்னால் அலை எழும்புமே, மீதிப் பாதி அதற்கு.

எவ்வளவு தண்ணீர் போனால் எஞ்சின் பூட்டிக்கொள்ளும்? 1200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் (காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லிதான். இருமல் மருந்து அளக்கும் பத்து மில்லி மூடியில் மூன்று மூடிக்குச் சற்று அதிகம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் பாதியில் நின்றுவிட, சுழலும் தண்டான கிராங்க் கீழிருந்து தள்ள, இரண்டையும் இணைத்து நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளைகிறது. 1500 சிசி டீசலில் விகிதம் 16 என்று வைத்தால் 25 மில்லியே போதும்.

லங்கா கார்னர், கிக்கானி பள்ளி, அவிநாசி ரோடு பழைய மேம்பாலம் என்று எங்கள் ரயில்வே சுரங்கப்பாதைகளில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் ஏறிவிடும். அங்கே காதில் விழும் வசனம், “பஸ்ஸே போகுதே, நாம போகக்கூடாதா?” பஸ்ஸுக்குக் காற்று போகும் வாய் உயரத்தில் இருக்கிறது, உங்களுக்கு ஃபாக் லேம்ப் பக்கத்தில். எதிரே பஸ் வந்தால் அது தள்ளும் அலையும் உங்கள் பம்பரில்தான் மோதும். நொய்யல் ஆற்றுத் தரைப்பாலங்களில் ஓடுகிற தண்ணீர் இதைவிட மோசம். அங்கே எஞ்சினைவிட உயிர் முக்கியம், வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இன்னொரு பழக்கம், “சைலன்சர்ல தண்ணி ஏறிரும்” என்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போவது. 3,000 ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்தால் அந்த 1200 சிசி எஞ்சின் விநாடிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்றை இழுக்கும். ஃபில்டர் தாழ இருக்கும் வண்டியில் இது தண்ணீரை நாமே உறிஞ்சிக் கொடுப்பதுபோல. முதல் கியரில், சீரான வேகத்தில், அலை எழுப்பாமல் போனால் போதும். சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே அந்த ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும்.

மருந்து என்று விற்கப்படுபவற்றை நம்பித் துணிவதும் தவறுதான். கோன் ஃபில்டருக்குப் போடும் நீர்விலக்கி உறை தெறிப்பைத் தடுக்கும், முங்கினால் தடுக்காது. பைபாஸ் வால்வு நல்ல யோசனை: ஃபில்டர் முங்கி அடைத்தால் மேலே உள்ள வால்வு திறந்து காற்றை விடும். ஆனால் அந்த வால்வும் முங்கினால் பயனில்லை. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வண்டிக்கு அது ஆகவும் ஆகாது. இன்றைய டீசல்கள் டர்போதான். சிலர் தண்ணீர் வடியட்டும் என்று ஃபில்டருக்குப் பிறகு வரும் பைப்பில் ஓட்டை போடுகிறார்கள். வடிகட்டாத புழுதியும் தண்ணீரும் நேராக உள்ளே போக அதைவிட நல்ல வழி கிடையாது.

சிறந்த மருந்து பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும், பழைய இரும்புக்குப் போடாமல் இருந்தால். கழற்றிய கம்பெனி பாக்ஸைப் பரணில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு அதை மாட்டிக்கொண்டு, மழை ஓய்ந்ததும் இன்டேக்கைத் திரும்பப் போடலாம். சில கிட்களில் கீழ்ப் பைப்பை மட்டும் கழற்றிவிட்டு ஃபில்டரை மேலேயே மாட்ட முடியும்.

எல்லாம் மீறி வண்டி தண்ணீரில் அணைந்துவிட்டதா? செல்ஃப் அடிக்காதீர்கள். முதல் தடவை அணைந்தபோது ராடு தப்பியிருக்கலாம். வளைவது பல வண்டிகளில் இரண்டாவது, மூன்றாவது செல்ஃபில்தான். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்னும் கேடு. நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபில்டரைப் பாருங்கள். அதற்குப் பிறகு வரும் பைப்பைக் கழற்றி உள்சுவரில் விரலை ஓட்டுங்கள். அங்கே ஈரம் இருந்தால் ரெக்கவரி வண்டிதான். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசலாக இருந்தால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ எடுத்து, கிராங்கை ஸ்பேனரால் கையில் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டவே கூடாது. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடவும் கூடாது. கொஞ்சமாக வளைந்த ராடு சில மாதம் ஓடிவிட்டுப் பிறகு உடைந்து பிளாக்கைத் துளைக்கும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

வாட்டர் வாஷ் பையனிடம் பானெட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. பிரஷர் கன் நேராகக் கோன் ஃபில்டரில் பட்டால் தண்ணீர் உள்ளே போய், காற்றை அளக்கும் மாஃப் சென்சரைக் கெடுக்கும்.

இன்சூரன்ஸில் ‘ஜீரோ டெப்’ (தேய்மானம் கழிக்காத சேர்க்கை) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் ‘எஞ்சின் புரொடக்ட்’ என்ற தனிச் சேர்க்கை இருக்க வேண்டும். இன்டேக் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்கவில்லை என்றால் கிளெய்மை மறுக்க அதுவே சாக்காகும். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே தண்ணீர் மட்டம் தெரிகிற மாதிரி போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள். சர்வேயர் வருவதற்குள் எல்லாம் வடிந்திருக்கும்.